பென்ஷன் காகிதத்தில் மனைவியின் பெயர்

(வேலூர் மாவட்ட முன்னாள் படைவீரர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அதிகாரிகளுக்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் ஜவான்களுக்கும், சங்கத்தை நம்பி வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 7 கொடிநாளில் வசூல் செய்கிறோம், ரத்ததானம் நடத்துகிறோம், பட்டாளத்தில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கம்மவான்பேட்டை போன்ற ராணுவ ஊர்கள் உள்ள இந்த மாவட்டத்தில் சங்கத்தின் முதல் வேலை வேறு. ஒரு ஹவில்தார் கண்மூடினால் அவர் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் இழுபறி இல்லாமல் வரவேண்டும். அதற்கான காகிதத்தை அவர் இருக்கும்போதே நாம் சரிபார்த்துவிட வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் ‘முனியம்மா’, ஆதாரில் ‘முனியம்மாள்’, வங்கிக் கணக்கில் இனிஷியல் அப்பாவுடையது. யூனிட் கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருப்பார், நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்போம். மனைவியின் பிறந்த தேதிக்கான இடம் சில பி.பி.ஓ.க்களில், அதாவது பென்ஷன் ஆணைகளில், காலியாகவே கிடக்கிறது. இதை அற்பமாக நினைக்காதீர்கள். அவருக்கு 80 வயது நிறைந்ததும் குடும்பப் பென்ஷன் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும், 85-இல் அது 30 ஆகிறது. தேதி பதிவாகாவிட்டால் அந்தப் பணம் தானாக வராது.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும் டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., கணவன் மனைவி இருவரின் ஆதார், வங்கிப் பாஸ்புக் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தோடு அவரவர் படைப்பிரிவின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு மனுப் போட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்.ஈ.ஜி. என்ற மெட்ராஸ் பொறியாளர் படை என்றால் பெங்களூரு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு. மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பி, நகல் ஒன்றைச் சங்கத்தில் வையுங்கள்.

இறப்பு நேர்ந்த வீட்டில் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யுங்கள். சான்றிதழில் பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடியே இருக்கட்டும். பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் உடனே தகவல் கொடுங்கள். துக்க வீட்டில் பென்ஷன் பேச்சா என்று தள்ளிப்போட்டால், இறந்தவர் கணக்கில் தொடர்ந்து விழும் பணத்தைப் பிறகு அந்த அம்மாவிடம்தான் பிடிப்பார்கள். ஓய்வுக்குப் பின் இறந்தவர் குடும்பத்துக்கு உயர்த்தப்பட்ட பென்ஷன் 7 ஆண்டுகள், அல்லது அவர் இருந்திருந்தால் 67 வயது ஆகும் நாள்வரை, எது முந்துகிறதோ அதுவரை கிடைக்கும். அதன்பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். தொகை திடீரென்று இறங்கும்போது அந்த அம்மா பதறாமலிருக்க இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நம் கடமை.

பிறகு, பென்ஷன் வாங்குபவர் உயிரோடு இருப்பதைக் காட்டும் லைஃப் சர்டிபிகேட். நவம்பரில் கொடுக்கிறோம், 80 வயதானவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கழனி வேலையில் ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காமல் எத்தனையோ பாட்டிகள் திரும்பிப் போகிறார்கள். அவர்களுக்கு முகம் பார்த்துப் பதியும் ஆப் இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காரவைத்து, போனை ஆடாமல் பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். சர்டிபிகேட் போட்ட பிறகும் பென்ஷன் நின்றால் முதலில் பார்க்கவேண்டியது, படிவத்தில் பென்ஷன் வழங்குபவர் யார் என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷைத் தேர்ந்தெடுத்தோமா, பழைய வங்கியையா என்பது. பி.பி.ஓ. எண்ணும் ஸ்பர்ஷ் கொடுத்த புது எண்ணாக இருக்கவேண்டும், பழையது செல்லாது.

படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ச் செய்து கொடுக்க ஒவ்வொரு கிளையிலும் போன் நன்றாகக் கையாளத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். கிளைச் செயலாளர்கள் அந்தப் பெயர்களை இன்றே எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மேசைக்கு வாருங்கள், பார்த்துவிடலாம். ஜெய்ஹிந்த்.