காஞ்சனபுரியில் ஒரு சுருட்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களே, பள்ளி முடிந்து நேரே இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தாரே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளே, வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயாவுக்குத் தனி வணக்கம். அவருடைய அப்பாவும் ரயில் பாதை போடச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போனவர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. எந்த மேடையிலும் நான் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். இன்று மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன்: ரயில், கோயில், ஜப்பானின் பொறுப்பு.

ஜப்பானியப் படை 1942, 43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்கிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து போன நம் சனங்கள் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். காலராவில் கும்பல் கும்பலாகச் சாய்ந்தவர்கள்.

அந்தப் பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்கு எங்களுடன் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்தார். அப்பா போனபோது கைக்குழந்தை. அங்கே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், பச்சைப் புல், அநேகமாக ஒவ்வொன்றிலும் பெயர். பாட்டி வரிசை வரிசையாக நடந்தார். "எங்கப்பா பேரு எதுல இருக்கு, படிச்சுச் சொல்லுய்யா" என்றார். நான் என்ன சொல்வேன்? பக்கத்திலேயே வாட் தாவோன் வராராம், வியட்நாமிய மரபுப் புத்த கோயில். பெயர் தெரியாத தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கி மேலே தூபி கட்டியிருக்கிறார்கள். அங்கே கூட்டிப்போனேன்.

பாட்டி முந்தானையை அவிழ்த்தார். வெற்றிலை, பாக்கு, ஒரு சுருட்டு. "அப்பாவுக்குச் சுருட்டுன்னா உசிரு, ஆத்தா சொல்லும்" என்று பற்றவைத்துத் தூபியடியில் வைத்தார். காற்றில் அது உருண்டது. திரும்ப வைத்தார், திரும்ப உருண்டது. ஒரு பிக்கு வேகமாக வந்தார். புத்தர் கோயிலில் சுருட்டா என்று திட்டப்போகிறார் என்று நடுங்கிப்போனோம். அவர் ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து, சுருட்டு உருளாமல் முட்டுக்கொடுத்தார். அப்புறம் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுருட்டு எரிந்து முடியும் வரை எழுந்திருக்கவில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. நம் பிணங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் அவர்கள். அதே வளாகத்தில் 2023இல் நம்மவர்கள் நடுகல் நட்டார்கள். நல்லது. ஆனால் அந்தப் பாட்டி தேடியது பெயரை!

ஜப்பானைப் பற்றிப் பேச நேரம் இல்லை, தலைவர் மணி பார்க்கிறார். சரி, ஒன்றுதான் கேட்கிறேன். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் யார் போனார்கள், எந்தத் தோட்டம், திரும்பினாரா, எழுதிவிட்டுப் போங்கள். பெயர் மறந்திருந்தால் வீட்டுக் கிழவியிடம் இன்றைக்கே கேளுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் போதும், தலைமையாசிரியை அம்மா எழுதித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.