ஃபெத்தியே பாறைக் கல்லறைகள்: கல்லில் நிற்கும் மர வீடுகள்

(காட்சி: துறைமுகத்திலிருந்து ஊரும், அதன் பின்னே எழும் செங்குத்துப் பாறையும்)

துருக்கியின் தென்மேற்கில், மத்தியதரைக் கடலோரம் அமைந்த ஊர் ஃபெத்தியே. பண்டைக் காலத்தில் இதற்கு டெல்மெசோஸ் என்று பெயர். லிசியா என்னும் நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டிய நகரம் இது. ஊருக்குப் பின்னால் எழும் பாறையில் தூண்களும் கதவுகளும் கொண்ட முகப்புகள் தெரிகின்றன. அவை கோயில்கள் அல்ல, கல்லறைகள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில், இறந்தவர்களுக்காகப் பாறையையே குடைந்து அமைத்தவை.

(காட்சி: படிக்கட்டு, மேலே அமின்டாஸ் கல்லறை)

குடியிருப்புத் தெருக்களைக் கடந்து, படிக்கட்டு வழியாக மேலே ஏறலாம். கோடையில் பாறை அனலாய்க் கொதிக்கும் என்பதால், காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ செல்வது நல்லது. எல்லாவற்றிலும் பெரியது அமின்டாஸின் கல்லறை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுவர்த்தூண்கள், அவற்றுக்கு இடையே அயோனிய பாணியில் இரண்டு தூண்கள், அவற்றின் மேல் முக்கோண முகப்பு என்று அச்சு அசல் கிரேக்கக் கோயிலின் வடிவில் அது நிற்கிறது. இடப்பக்கச் சுவர்த்தூணின் நடுப்பகுதியில், ‘ஹெர்மாபியாஸின் மகன் அமின்டாஸுடையது’ என்ற பொருளில் கிரேக்க எழுத்துகள் உள்ளன. அவர் யார், என்ன பதவி வகித்தார் என்று அந்த வரி சொல்வதில்லை. பெயரும் தந்தை பெயரும் மட்டுமே.

(காட்சி: கதவு, மிக அருகில்)

தூண்களைப் படமெடுத்ததும் பலர் இறங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளே சென்று, கதவின் முன் சற்று நேரம் நில்லுங்கள். நான்கு பலகைகள் பொருத்திய மரக்கதவு போலச் செதுக்கப்பட்ட கல் அது. சட்டங்களில் வரிசையாக ஆணித் தலைகள் புடைத்திருக்கின்றன. மரக்கதவில் இரும்பு ஆணி அறைந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படியே, ஆணி தேவைப்படாத கல்லில் அவற்றையும் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். கீழே வலப்பக்கப் பலகை உடைந்து கிடக்கிறது. கல்லறைக் கொள்ளையர் புகுந்த வழி அது. அதன் ஊடே பார்த்தால், சிறிய அறையும், உடலைக் கிடத்துவதற்காகச் சுவரையொட்டி விடப்பட்ட கல் திண்ணைகளும் தெரியும்.

(காட்சி: அருகிலுள்ள சிறிய கல்லறைகள்)

ஆனால் இந்த மலையின் உண்மையான செல்வம், கூட்டம் எட்டிப் பார்க்காத சிறிய கல்லறைகளில்தான் இருக்கிறது என்பேன். அமின்டாஸின் முகப்பு கிரேக்கரிடமிருந்து பெற்ற வடிவம். இவையோ லிசியர்களின் சொந்த வீடுகளின் வடிவம். நிலைச்சட்டம், குறுக்குச்சட்டம், ஒன்றுக்குள் ஒன்று கோத்து முனை வெளியே நீளும் உத்தரங்கள், கூரைக்குக் கீழே அடுக்கிய உருண்டை மரங்களின் வெட்டுமுனைகள் என, ஒரு தச்சர் செய்திருக்கக்கூடிய அத்தனையையும் கல்தச்சர் கல்லில் செய்து வைத்திருக்கிறார். அந்த மர வீடுகள் மக்கி மறைந்துவிட்டன. அவை எப்படி இருந்தன என்று அறிய விரும்பும் ஆய்வாளர்களுக்கு முதன்மையான சான்று, இறந்தவர்களுக்காகக் கட்டிய இந்தக் கல் வீடுகளே.

கட்டிய என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஏனெனில் இங்கே மூட்டு போலத் தெரியும் எதுவும் மூட்டு அல்ல. எல்லாம் ஒரே பாறை. 1957ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் கீழே ஊரின் பெரும்பகுதி இடிந்து, பிறகு புதிதாக எழுப்பப்பட்டது. கல்லறைகள் இன்றும் நிற்கின்றன.

(காட்சி: டால்யான் ஆற்றங்கரை, கவுனோஸ் கல்லறைகள்)

இவ்வளவு உயரத்தில் எப்படி வேலை செய்தார்கள் என்ற கேள்வி இயல்பாகவே எழும். அதற்கான விடை ஃபெத்தியேவுக்கு வடமேற்கே, டால்யான் ஆற்றங்கரையில் உள்ள கவுனோஸ் நகரத்தின் பாறையில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய கல்லறை பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது. முகப்பின் மேற்பகுதி உருவாகியிருக்க, கீழே வெறும் பாறை அப்படியே இருக்கிறது. ஆகவே வேலை மேலிருந்து கீழ்நோக்கி நடந்தது என்பது தெளிவு. கீழே இன்னும் வெட்டப்படாத பாறையே, மேலே செதுக்குவோர் நிற்பதற்குத் தளமாக அமைந்திருக்கும்.

(காட்சி: ஃபெத்தியே அருங்காட்சியகம்)

மலையிலிருந்து இறங்கியதும் ஊரிலுள்ள அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். லெட்டூன் என்னும் புனிதத் தலத்தில் 1973ஆம் ஆண்டு கண்டெடுத்த கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஒரே கல்லில் லிசிய மொழி, கிரேக்கம், அரமேயம் ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருப்பதால், லிசிய மொழியைப் புரிந்துகொள்வதற்கு அது பெருந்துணையாயிற்று. லிசியக் கல்லறைகள் பலவற்றில், உள்ளே யாரை வைக்கலாம், வேறொருவரை வைத்தால் என்ன தண்டனை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வாசகங்களை இன்று ஓரளவு படிக்க முடிகிறதென்றால், அதில் இந்தக் கல்லுக்கும் பங்குண்டு.