மூன்று டொலர் போன இடம்

வணக்கம் நேயர்களே. இந்தச் சனிக்கிழமைக் காலையில் ஐஸ் ஹொக்கி அரீனாவுக்கு வெளியே, காருக்குள் இருந்தபடி வானொலி கேட்கிற பெற்றோர் பலபேர் இருப்பீர்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, கையில் ஒரு கோப்பியோடு. நானும் பதினொரு வருடம் அப்படி இருந்தவன். உங்களோடு கதைக்கத்தான் வந்திருக்கிறேன்.

விளையாட்டுச் சங்கங்களில் தவறு நடந்தால் அரசாங்கம் என்ன செய்யவேண்டும்? அதற்கு முதல் ஒரு பற்றுச்சீட்டின் கதையைச் சொல்லவேண்டும்.

என் மகள் ஹொக்கி விளையாடத் தொடங்கியபோது ஏழு வயது. அந்தச் சப்பாத்தின் லேஸ் மெழுகு பூசினது, இழுத்துக் கட்டினால் விரல் கன்றிப்போகும். விடிய ஆறு மணிக்கு அதைக் கட்டிவிட்டு நிமிர்ந்தால், அடுத்த வேலை காசு கட்டுவது. பற்றுச்சீட்டில் ‘காப்புறுதி’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வருட ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போனேன். அரீனாவின் மேல்மாடி அறை. நானூறு குடும்பங்கள் உள்ள சங்கம், வந்திருந்தது பதினான்கு பேர். எழும்பி, “இந்தக் காப்புறுதிக் காசு எங்கே போகிறது?” என்று கேட்டேன். பொருளாளர் நல்ல மனுசன், சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர். “அது மேலே போகிறது. அதற்குமேல் எனக்குத் தெரியாது” என்றார். உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

2022ஆம் ஆண்டுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. 2018 ஜூனில் ஒன்ராறியோவின் லண்டன் நகரில், நாட்டின் ஹொக்கியை நடத்துகிற தேசிய அமைப்பான ஹொக்கி கனடாவின் விழாவுக்குப் பிறகு, தேசிய இளையோர் அணி வீரர்கள் தன்னைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாக ஒரு பெண் வழக்குப் போட்டார். ஹொக்கி கனடா சத்தமில்லாமல் இணங்கி முடித்தது. அந்தச் சம்பவத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐந்து வீரர்களையும் 2025 ஜூலையில் நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி நான் கதைக்க வரவில்லை. நான் கேட்பது காசைப் பற்றி.

ஹொக்கி கனடாவிடம் ‘தேசிய சமத்துவ நிதி’ என்று ஒன்று இருந்தது. பிள்ளைகளின் பதிவுக் கட்டணத்தில் சேர்ந்த காசு. 1989 முதல் ஒன்பது பாலியல் முறைப்பாடுகளைத் தீர்க்க அதிலிருந்து 7.6 மில்லியன் டொலர் கொடுத்ததாக அதிகாரிகளே நாடாளுமன்றக் குழுவில் சொன்னார்கள். அதில் பெரும்பகுதி கிரஹாம் ஜேம்ஸ் என்ற பயிற்றுநரால் சீரழிக்கப்பட்டவர்களுக்குப் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் காசு கொடுத்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் யாருடைய காசு அது? காப்புறுதி என்று நம்பிக் கட்டின தாய் தகப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

இனி அரசாங்கம். 2022 ஜூனில் கனடாவின் விளையாட்டு அமைச்சர் பாஸ்கால் சென்-ஓஞ், ஹொக்கி கனடாவுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசை நிறுத்தினார். நிர்வாகம் அசைந்ததா? ஜூலை போனது, ஓகஸ்ட் போனது, செப்ரெம்பரும் போனது. தலைமை எல்லாம் விலகினால் ரிங்கில் லைற் எரியுமா என்று ஒக்ரோபரில் நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் கேட்டார் இடைக்காலத் தலைவர். அதே வாரம் கியூபெக் ஹொக்கிச் சங்கம், ஒரு பிள்ளைக்கு மூன்று டொலர் வீதம் மேலே அனுப்புகிற காசை இனி அனுப்பமாட்டோம் என்றது. ரிம் ஹோர்ட்டன்ஸ், கனேடியன் ரயர் போன்ற அனுசரணையாளர்கள் விலகினார்கள். ஒக்ரோபர் 11ஆம் திகதி தலைமை நிறைவேற்று அதிகாரியும் முழு நிர்வாகசபையும் வெளியே.

மூன்று டொலர், நேயர்களே. அமைச்சர் காசை நிறுத்தியும் நான்கு மாதமாக நடக்காதது, அந்த மூன்று டொலர் நின்றதும் ஒரு கிழமையில் நடந்தது.

ஏன் அமைச்சர் நேரே போய் நிர்வாகத்தைக் கலைக்கவில்லை என்று கேட்பீர்கள். இலங்கையில் அதைத்தான் செய்தார்கள், ஞாபகம் இருக்கும். 2023 நவம்பரில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெற் சபையைக் கலைத்தார். நான்காம் நாள் ஐ.சி.சி. இலங்கையை இடைநிறுத்தியது. இலங்கையில் நடக்க இருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்குப் போனது. சொந்த மண்ணில் விளையாடக் காத்திருந்த பொடியன்கள் என்ன பிழை செய்தார்கள்? அமைச்சரின் கை உள்ளே போனால் சர்வதேச சம்மேளனம் கதவைச் சாத்திவிடும். அதனால் காசுக்கு நிபந்தனை போடுவதுதான் கனடாவின் வழி.

நிபந்தனை புதிதும் இல்லை. கிரஹாம் ஜேம்ஸ் செய்ததை, அவரால் பாதிக்கப்பட்ட வீரர் ஷெல்டன் கெனடி வெளியே சொன்ன காலத்திலேயே, தொல்லைகளுக்கு எதிரான கொள்கையும் முறைப்பாட்டு அலுவலரும் இல்லாத சங்கத்துக்குக் காசு இல்லை என்று ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசாங்கம் சொன்னது. சங்கங்கள் படிவத்தை நிரப்பி அனுப்பின. உள்ளே போய்ப் பார்க்க ஆள் இருக்கவில்லை. பல இடங்களில் முறைப்பாட்டை வாங்குகிறவர் அதே சங்கத்தின் ஆள். யார்மேல் முறைப்பாடோ அவர்களுடைய சம்பளத்தில் இருக்கிறவரிடம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை போய் வாய் திறக்குமா?

அதனால்தான் 2022இல், முறைப்பாடுகளை வாங்குவதற்குச் சங்கங்களைச் சாராத சுயாதீன ஆணையாளர் அலுவலகம் வந்தது. 2025 ஏப்ரலில் அந்தப் பொறுப்பு, ஊக்கமருந்துச் சோதனை செய்கிற கனேடிய விளையாட்டு நெறிமுறை நிலையத்துக்குப் போனது. நல்ல மாற்றம், நான் மனதார வரவேற்கிறேன்.

தயாரிப்பாளர் கை காட்டுகிறார், இரண்டு நிமிடம்கூட இல்லை. மாகாண விஷயத்தை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேசிய ஏற்பாடு பெரும்பாலும் தேசிய மட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ளூர்க் கழகத்தில் விளையாடுகிற உங்கள் பிள்ளை அநேகமாக அதற்குள் வராது, அது மாகாணத்தின் பக்கம். அங்கே முறைப்பாட்டை யார் வாங்குகிறார், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார் என்று உங்கள் கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேளுங்கள். பருவம் முடிய ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தல் மின்னஞ்சலில் வரும், அழித்துவிடாதீர்கள். அந்த மேல்மாடி அறையில் கதிரைகள் நிறைய இருக்கின்றன.

நன்றி, வணக்கம்.