கூடம் கோணல்தான்

அவைத் தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பிள்ளையார் கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, வெயிலையும் பாராமல் கிளிநொச்சியிலிருந்து வந்திருக்கும் அதிபர்மாரே, மாலை கட்டித் தந்த மாதர் சங்கத்துத் தங்கச்சிமாரே, வணக்கம். கிராம அலுவலர் தம்பியை மறந்தால் நாளைக்கு வதிவிடச் சான்றிதழ் கிடைக்காது. அவருக்கும் வணக்கம்.

இன்று ஏப்ரல் 6, அபிவிருத்திக்கும் சமாதானத்துக்குமான சர்வதேச விளையாட்டு தினம். 1896இல் ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் தொடங்கியதும் இதே நாளில்தான். அதனாலேயே 2013இல் ஐ.நா. பொதுச்சபை இந்த நாளைத் தெரிவு செய்தது. நான் மூன்று விடயங்கள் பேச வந்தேன்: விளையாட்டு பிள்ளைகளை எப்படி ஆளாக்குகிறது, உலகக் குடிமக்களாக எப்படி வளர்க்கிறது, எங்கள் மைதானங்கள் எப்படி இருக்கின்றன. மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பார்கள். எங்கள் பிள்ளைகளிடம் இது எடுபடாது. 2018இல் இலங்கை ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது வளையத்தடியில் நின்று கோல் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளத்தில், எழுபதைத் தாண்டிய முள்ளியவளை அம்மா ஒருவர் தங்கம் வாங்கினார். ஆட்டம் எங்களுக்கு நன்றாகவே வரும்.

ஒரு கதை. பக்கத்து ஊரில் வலைப்பந்து இறுதி ஆட்டம். இடைவேளையில் எங்கள் கோல் சூட்டர் பிள்ளை, மைதானத்தில் மலசலகூடம் இல்லாததால் வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினாள். திறந்தது ஓர் ஆச்சி. "நீ ஆற்ற பிள்ளை மோனை?" பிள்ளை தகப்பன் பேரைச் சொன்னாள். ஆச்சி விடவில்லை. பேத்தியார் ஆர், எந்த ஊர், 2009க்குப் பிறகு எந்த முகாமில் இருந்தனீங்கள் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒன்றுவிட்ட சொந்தம் என்று கண்டுபிடித்தாவாம்! சொந்தம் என்றால் விடுவாவோ? தேத்தண்ணி, அப்புறம் முறுக்கு. இங்கே நடுவர் விசில் ஊதிவிட்டார். வலைப்பந்தில் ஐந்து பேர் இருந்தாலும் ஆடலாம், எங்களிடம் ஆறு பேர் நின்றார்கள். ஆனால் சட்டப்படி கோல் போடக்கூடியவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி முறுக்குச் சாப்பிடுகிறாள்! மூன்றாவது கால்பகுதி முடிகிற நேரம் பிள்ளை ஓடி வந்தாள். பின்னாலே ஆச்சி, கையில் ஒரு பை மாம்பழம். கிண்ணம் போய்விட்டது. நடுவருக்கு ஆச்சி கொடுத்த ஏச்சை இந்த மேடையில் சொல்ல முடியாது, பங்குத்தந்தை இருக்கிறார்.

சிரியுங்கள். ஆனால் எல்லாப் படலைக்குப் பின்னாலும் ஆச்சி இருப்பாவா? பதின்மூன்று, பதினான்கு வயதில் பெண்பிள்ளைகள் விளையாட்டை விடுகிறார்கள். நாங்கள் வெட்கம் என்கிறோம், டியூசன் என்கிறோம். ஒரு மறைப்பும் வாளித் தண்ணியும் இல்லாத இடத்தில் மாதத்தில் சில நாள் எப்படி ஓடுவது என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டோமா? விளையாடுவது சிறுவர் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை. 1991இல் இலங்கையும் அதை ஏற்றது. இவர்கள் ஆடமாட்டாதவர்கள் இல்லை, ஐயா. கூடம் உண்மையாகவே கோணல்!

உலகக் குடிமக்கள் பற்றியும் சொல்லவேண்டும். கிளிநொச்சி விசிலுக்கும் சிட்னி விசிலுக்கும் சட்டம் ஒன்றுதான். சரி, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், மிச்சத்தை அடுத்த ஏப்ரலுக்கு வைத்துக்கொள்வோம்.

பிரதேச சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம்: ஒவ்வொரு கிராம மைதானத்துக்கும் பெண்களுக்கென்று பூட்டுப் போட்ட மலசலகூடம், உடை மாற்றும் அறை, ஒரு தண்ணீர்த் தாங்கி. திறப்பு மாதர் சங்கத்திடம் இருக்கட்டும். தாள் அந்த மேசையில் இருக்கிறது. தேத்தண்ணிக்கு எழும்புமுன் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிரதேச செயலாளர் அம்மா, முதல் கையெழுத்து நீங்கள்.