தட்டுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது?

நேயர்களே, வணக்கம். கல்லோயாவிலிருந்து திருகோணமலைக்கு ரயில் பாதை வந்தது 1927இல். அந்தப் பாதையில் ஓடிய நீராவி எஞ்சின்களைப் போலவே உண்மையாகத் தண்ணீர் கொதித்து ஓடுகிற சின்ன மாதிரி எஞ்சின்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், அதிலும் அவை தேய்ந்துபோனால் தேய்மானம் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றி.

நமது அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம் 1676 மில்லிமீற்றர். 5 அங்குலப் பாதையில் ஓடும் மாதிரி அதில் ஏறத்தாழ 13இல் ஒரு பங்கு. அதனால் மாதிரியின் ஒரு மூட்டில் அரை மில்லிமீற்றர் ஆட்டம், அதாவது தளர்வு, இருந்தால் பெரிய எஞ்சினில் ஆறு, ஏழு மில்லிமீற்றர் ஆட்டம் இருப்பதற்குச் சமம்! இதைச் சின்ன விஷயம் என்று விடக்கூடாது.

மூட்டு தேய்ந்து ஆடினால் எஞ்சின் ஓடும்போது தட்டும். தட்டுகிறது என்றவுடனே ஸ்பனரை எடுத்துக் கழற்றாதீர்கள், தயவுசெய்து. கழற்றினால் எந்த மூட்டு ஆடியது என்ற தடயமே போய்விடும். சக்கரங்களை அசையாமல் கட்டையிட்டு நிறுத்துங்கள், பார்க்கிற பக்கத்துக் கிராங், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கிற கை, நேர் மேலே நிற்கட்டும். பொயிலரை மூட்டத் தேவையில்லை, கொம்பிரசரிலிருந்து சதுர அங்குலத்துக்கு 20, 30 இறாத்தல் அழுத்தத்தில் காற்றுப் போதும். இப்போது ஒருவர் எஞ்சினின் ஓடும் திசையை மாற்றுகிற ரிவேர்ஸ் லீவரை முன்னும் பின்னுமாக மெதுவாகத் தள்ள, காற்று பிஸ்டனை மாறிமாறி இரண்டு பக்கமும் தள்ளும். நீங்கள் பிஸ்டனோடு சேர்ந்த தண்டான பிஸ்டன் ரொட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டாக விரலை வைத்துப் பாருங்கள். பிஸ்டன் ரொட்டைக் கிராங்கோடு இணைக்கிற கொனெக்டிங் ரொட் அசைந்து, அது மாட்டியிருக்கிற கிராங் பின் என்ற முளை அசையாமல் நின்றால், அங்குள்ள புஷ் என்ற உள்வளையம் தேய்ந்திருக்கிறது. கிராங் பின்னும் சேர்ந்து அசைந்து, சக்கர அச்சைத் தாங்குகிற அச்சுப்பெட்டியே சட்டத்துக்குள் முன்பின் போனால் பிரச்சினை அங்கே.

அப்புறம் காற்றுக் கசிவு. கிராங் அதே இடத்தில் இருக்க லீவரை நடுவில் வைத்து, அந்தப் பக்கத்துச் சிலிண்டரின் இரண்டு முனைகளிலும் தண்ணீரை வடிக்க இருக்கிற வடிகுழாய்களைத் திறந்துவிடுங்கள். சிலிண்டருக்குள் காற்றை விடுகிற வால்வு இரண்டு துவாரங்களையும் மூடியிருப்பதால் காற்றே வரக்கூடாது, வந்தால் வால்வு தேய்ந்துவிட்டது. அங்கே காற்று வராமல் இருந்து, லீவரை முழுக்க முன்னே தள்ளும்போது இரண்டு குழாயிலும் சீறினால் தேய்ந்தது பிஸ்டனைச் சுற்றி அடைக்கிற பிஸ்டன் வளையம்தான். உப்புக் காற்றடிக்கிற நம்முடைய ஊரில் ஓட்டி முடித்த ஈரத்தோடு எஞ்சினை அப்படியே வைத்தால் வார்ப்பிரும்புச் சிலிண்டர் துருப்பிடித்து வளையத்தை அரித்துவிடும், ஆகவே ஈரத்தை ஊதி வெளியேற்றி எண்ணெய் விட்டுத்தான் மூடி வைக்கவேண்டும்.

ஓடும்போது கேளுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு, அதாவது ஆவி வெளியேறுகிற சத்தம், நான்கும் ஒரே அளவாக வரவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வால்வை ஆட்டுகிற இணைப்புகளைப் பாருங்கள்.

சக்கரங்களை இணைக்கிற கப்ளிங் ரொட்டில் ஆட்டம் கண்டால் மட்டும் பொறுங்கள். ஸ்பிரிங்கில் அச்சு ஏறி இறங்க அதற்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். அச்சுப்பெட்டி தேய்ந்திருக்கும்போது அங்கே இறுக்கமான புதுப் புஷ் போட்டால் சக்கரமே சுற்றாமல் பிடிக்கும். முதலில் அச்சுப்பெட்டியைச் சரிசெய்துவிட்டு ரொட்டை அளந்து பாருங்கள், பல நேரம் பழைய புஷ்ஷே போதும்.