கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில், ஒவ்வொரு முயற்சியும் தொடங்கியவுடன் பந்து பெரும்பாலும் குவாட்டர்பேக் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அவர் கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு 21, 22 வயது இளைஞர் ஒருவரை அணி பெரும் விலை கொடுத்துக் கொண்டுவருகிறது. முதல் ஆண்டு தோல்விமேல் தோல்வி. உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். பையனை விட்டுவைத்தால் பழகிவிடுவான் என்பது ஒரு கட்சி. தூக்கிவிட்டு வேறு ஆளைப் போடு என்பது மறு கட்சி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சொல்வோம். இந்த விளையாட்டில் பல சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி, அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை முறைவைத்துச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில், டேவிட் கார் என்ற இளைஞரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த ஒரே பருவத்தில் அவர் 76 முறை சாக் ஆனார், அதாவது எறிவதற்கு முன்பே பந்தோடு வீழ்த்தப்பட்டார். 16 ஆட்டங்களில் 76 முறை! இன்றுவரை அதுதான் சாதனை எண்ணிக்கை. அடி வாங்கிப் பழகியவரின் கண், பந்தைப் பிடிக்கத் தூரத்தில் ஓடும் ரிசீவரை விட்டுவிட்டுத் தன்மேல் பாய வருபவர்களைத் தேட ஆரம்பித்துவிடும். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் போக்குவது மிகக் கடினம்.

ஆனால் எல்லா சாக்கும் தடுப்பு வீரர்களின் குற்றமில்லை. இதை வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாம். கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து பின்னால் வந்த நொடியில் அழுத்துங்கள். இரண்டரை நொடிக்குள் அவர் வீழ்த்தப்பட்டால் பெரும்பாலும் தடுப்பு உடைந்திருக்கிறது. மூன்று நொடி தாண்டியும் பந்து கையிலேயே இருந்தால், அது பெரும்பாலும் அவர் பொறுப்பு. அடுத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ஐந்து காலடி எடுத்துவைத்துப் பின்வாங்கினால் ஏறக்குறைய 7 யார்டு ஆழத்தில் நிற்க வேண்டும். தடுப்பு வரிசையின் ஓரத்தில் உள்ள டேக்கிள்கள் பாய வருபவரை அந்த இடத்துக்குப் பின்புறமாகச் சுற்றித் தள்ளிவிடுவார்கள். பதற்றத்தில் குவாட்டர்பேக் 10 யார்டு வரை பின்னால் நகர்ந்துவிட்டால், தள்ளப்பட்டவர் நேராக அவர் மடியில்தான் வந்து விழுவார். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் டேக்கிளைத் திட்டுவார்கள். தவறு டேக்கிள்மேல் இல்லை, குவாட்டர்பேக்கின் காலில் இருக்கிறது.

இன்னொரு விஷயம் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் 40 நொடிக் கடிகாரம் ஓடும். பயிற்சியாளர் குரல் தலைக்கவசத்துக்குள் இருக்கும் ஒலிபெருக்கியில் வரும். கடிகாரத்தில் 15 நொடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதற்குள் பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட கட்டளையைக் கேட்டு, கூடி நிற்கும் சக வீரர்களிடம் பிழையின்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு எதிரணியின் பின்வரிசையில் சேஃப்டி என்ற கடைசிக் காவலர் ஒருவர் நிற்கிறாரா இருவரா என்று பார்த்து, எவர் பாய்ந்து வருவார் என்று கணித்துத் தடுப்பைத் திருப்பிவிட வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சியாளரை மாற்றினால் இந்தச் சொற்கள் எல்லாமே மாறிவிடும். ஒரே இளைஞரை இரண்டாம் ஆண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டு, ஏன் இன்னும் தேறவில்லை என்று கேட்பது நியாயமே இல்லை.

கரோலினா பாந்தர்ஸ் கதை இதுதான். 2023இல் பிரைஸ் யங்கை முதல் ஆளாக எடுக்க, சிகாகோ அணிக்குப் பல தேர்வு உரிமைகளோடு டி.ஜே. மூர் என்ற தங்கள் சிறந்த ரிசீவரையும் கொடுத்தார்கள். எறிபவரை வாங்க, பிடிப்பவரை விற்றுவிட்டார்கள். உள்வரிசைத் தடுப்பில் காயத்தால் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. யங் 62 முறை சாக் ஆனார். அணி 2 வெற்றி, 15 தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் 11 ஆட்டத்திலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு புதுப் பயிற்சியாளராக டேவ் கனாலஸ் வந்தார், உள்வரிசையில் கார்டு எனப்படும் தடுப்பு வீரர்கள் இருவரைப் பெரும் பணம் கொடுத்துச் சேர்த்தார்கள். ஆனாலும் முதல் இரண்டு ஆட்டங்களில் 47க்கு 10, 26க்கு 3 என்று தோற்றதும் யங் வெளியே உட்காரவைக்கப்பட்டார். ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு, மூத்தவர் ஆண்டி டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொண்டதால்தான் யங்குக்கு மீண்டும் இடம் கிடைத்தது. 2025 ஜனவரி 5 அன்று அட்லாண்டாவில் மூன்று டச்டவுன், அதாவது பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் புள்ளி, எறிந்து, இரண்டைத் தானே ஓடி எடுத்து, கூடுதல் நேரத்தில் 44க்கு 38 என்று அணியை வெல்லவைத்தார்.

வெளியே உட்காரவைத்ததால்தான் தேறினார் என்று பலர் சொல்கிறார்கள். என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. உட்கார்ந்திருப்பவருக்குப் பயிற்சியில் முதல் அணியோடு எறியும் வாய்ப்பு மிகக் குறைவு. அடுத்த வார எதிரணியின் குவாட்டர்பேக் போல நடித்துக் காட்டும் வேலைதான் பெரும்பாலும் கிடைக்கும். அது மனதுக்கு ஓய்வு தரலாம், காலுக்குப் பழக்கம் தராது.

பொறுமைக் கட்சிக்கு மிகப் பிடித்த பெயர் ஜோஷ் ஆலன். பஃபலோ பில்ஸ் அணியில் 2018இல் அவர் எறிந்ததில் 52.8 விழுக்காடுதான் சேர்ந்தது. அடுத்த ஆண்டு 58.8, அதற்கடுத்து 69.2. ஆனால் இடையில் நடந்ததை மறந்துவிடுகிறோம். தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் ஒருங்கிணைப்பாளர் பிரையன் டபோல் மூன்று ஆண்டும் மாறவில்லை. ஆலன் தன் எறியும் முறையையே பிரித்துச் சீர்செய்தார். 2020 மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தர ரிசீவரை வாங்கிக்கொடுத்தார்கள். காத்திருந்த காலத்தில் வேலையும் நடந்தது.

பொறுமைக்குச் சான்றாக டெர்ரி பிராட்ஷாவை மேற்கோள் காட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1970இல் 6 டச்டவுனுக்கு 24 இன்டர்செப்ஷன் கொடுத்தவர், அதாவது எறிந்த பந்தை 24 முறை எதிரணி கையில் விட்டவர், பின்னால் நான்கு முறை சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியை வென்றார் என்பது உண்மைதான். ஆனால் எறிந்தாடுவதை எளிதாக்கிய விதிமாற்றங்கள் 1978இல்தான் வந்தன. அவருடைய காலத்துக் கணக்கு வேறு. காத்திருந்தும் பலன் தராத ஜமார்கஸ் ரசல் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007இல் முதல் ஆளாக ஓக்லாந்து அணி எடுத்து, மூன்று பருவம் வைத்திருந்து, 18 டச்டவுனுக்கு 23 இன்டர்செப்ஷனோடு அனுப்பிவிட்டது.

காத்திருப்பதற்குக் கெடுவும் உண்டு. முதல் சுற்றில் எடுத்தவருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டு வேண்டுமா என்பதை மூன்றாம் பருவம் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் அணி சொல்லியாக வேண்டும். 2020 ஒப்பந்த விதிப்படி, ஆம் என்றால் அந்தப் பணம் முழுவதும் உறுதி. ஆகவே முதல் பருவத்தை எண்களை வைத்து எடைபோடாதீர்கள். இரண்டாம் பருவத்தில் அதே பயிற்சியாளர், அதே சொற்கள், சரியான தடுப்பு எல்லாம் இருந்தும் அதே சேஃப்டியின் அதே ஏமாற்றுக்கு மூன்றாம் முறையும் விழுந்தால், மாற்று ஆளைத் தேடத் தொடங்கலாம்.

நியூயார்க் ஜெட்ஸ் ஐந்து ஆண்டில் இந்தக் கேள்வியை இரண்டு தடவை சந்தித்தது. 2018இல் சாம் டார்னால்டை எடுத்தார்கள். 2019 அக்டோபரில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக 33க்கு 0 என்று தோற்ற இரவில், எனக்குப் பேய்கள் தெரிகின்றன என்று அவர் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது ஒலிவாங்கியில் பதிவானது. வராத ஆட்களும் தன்மேல் பாய வருவதாகத் தெரிகிறது என்று பொருள். 2021இல் அவரை விற்றுவிட்டு ஜாக் வில்சனை எடுத்தார்கள். மூன்றே பருவத்தில் அவரும் போய்விட்டார். 2024இல் மினசோட்டா அணிக்கு நல்ல ரிசீவர்களோடும் தெளிவான பயிற்சியாளரோடும் ஆடிய டார்னால்ட் 35 டச்டவுன் எறிந்தார், அணி 14 ஆட்டம் வென்றது. அதே பருவத்தில் ஜெட்ஸ் வென்றது 5.

நன்றி, வணக்கம்.