பாதி கல்வட்டம் போயிடுச்சு, மீதியை விடலாமா?

வணக்கங்க. வேலூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு மலையடிவாரத்துல நிக்கறேன். ஊர்ப் பேரை வேணும்னேதான் சொல்லல. சொன்னா ராத்திரியோட ராத்திரியா புதையல் தோண்ட ஆள் வந்துடும்.

இந்தக் கல்லுங்க வட்டமா நிக்குது பாருங்க. கல்வட்டம். இரும்புக்காலத்துல செத்தவங்கள அடக்கம் பண்ண இடம். இப்படித் திருப்பறேன்... பாதி வட்டத்தக் காணோம். மொரம்பு எடுக்க வந்த ஜேசிபி வாரிட்டுப் போயிருக்குது. அந்த மஞ்சள் கல்லு, ப்ளாட்டுக்கு அளந்து நட்டது.

"பெரிய கல்லுங்கள எடுத்து மியூசியத்துல வெச்சா போதாதா"ன்னு கேக்கறாங்க. போதாதுங்க. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளின்னு ஒரு ஊரு, அப்போ அதுவும் வேலூர் மாதிரி வட ஆற்காடு மாவட்டம். 1960கள்ல மத்திய தொல்லியல் துறை அங்க தோண்டினாங்க. கீழ் அடுக்குல வழவழன்னு தேய்ச்ச கல் கோடாரி, மேல் அடுக்குல இரும்பு. கொள்ளு, பச்சைப்பயறு கூட கெடச்சுது! கல்லுக்கு அப்புறம்தான் இரும்புன்னு எப்படித் தெரிஞ்சுது? மண்ணு அடுக்கு கலையாம இருந்துது. ஜேசிபி ஒரு வாட்டி வாரினா மேல இருந்தது கீழ போயிடும். அப்புறம் எவ்ளோ பெரிய ஆராய்ச்சியாளர் வந்தாலும் அதைப் படிக்க முடியாது.

வேலூர் கோட்டை மத்திய அரசு சின்னம். 2010ல திருத்தின சட்டப்படி 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டக் கூடாது, அதுக்கு அப்பால இன்னும் 200 மீட்டர் வரைக்கும் அனுமதி வாங்கணும். நம்ம மாநிலத்துக்கும் 1966ல இருந்து தனிச் சட்டம் இருக்குது. இந்த மாதிரி பாதுகாப்பெல்லாம் பாதுகாக்கப்பட்ட சின்னம்னு பட்டியல்ல ஏறின இடத்துக்குத்தான். ஆனா ரெவின்யூ கணக்குல இந்தக் கல்வட்டம் இருக்கற நிலம் வெறும் தரிசு.

வீடு வேணாம், ரோடு வேணாம்னு சொல்லல, ஜனங்களுக்கு வேணும். மண்ணெடுக்க அனுமதி குடுக்கறதுக்கு முன்னாடி தொல்லியல் தெரிஞ்ச ஒருத்தர் அந்த நிலத்த நடந்து பாக்கணும், அவ்ளோதான் கேக்கறேன்.

உங்க ஊர்ல இப்படிக் கல்லு இருந்தா தோண்டாதீங்க, அசைக்காதீங்க. போட்டோ எடுத்து, சர்வே நம்பரோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க. மாநிலத் தொல்லியல் துறைக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. கிராம சபையில தீர்மானம் போடச் சொல்லுங்க, எழுத்துல இருந்தா தட்டிக் கழிக்கறது கஷ்டம். இந்த இடத்துக்கு நான் மனு குடுத்துட்டேன். இந்த ஊர்க்காரங்களுக்கு இடம் எதுன்னு பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். அக்டோபர் 2 கிராம சபைக்கு வந்து கை தூக்குங்க, ப்ளீஸ்.